மாமியார் பக்கம் பேச ஆள் வேண்டும்

என் அக்கா பத்மினி, ரேணிகுண்டாவைத் தாண்டி இருக்கும் கொரியாக் கம்பெனியில் வேலை செய்கிறாள். கைபேசிக்குள் கேமராவைப் பொருத்தும் வரிசையில் அவளுக்கு இடம். ஷிஃப்ட் முடியும்வரை நின்றுகொண்டே செய்யும் வேலை. போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு கம்பெனியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். புது மெஷின்களைப் பழகிக்கொண்டு வர ஆறு பேரைக் கொரியாவுக்கு அனுப்பப்போகிறார்களாம். திரும்பி வந்தால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. உட்கார நாற்காலி உண்டு. போக விரும்புகிறவர்கள் மேனேஜரோடு கொரிய மொழியில் கொஞ்சநேரம் பேசிக் காட்ட வேண்டும். நேர்காணல் பொங்கலுக்குப் பிறகு.

அக்கா பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். எங்கள் அம்மா வெங்கடலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"பாஷ தெரியாத ஊருக்குப் போயி இன்னா பண்ணுவ?"

"நம்ம ஊரு வரதய்யபாளையத்துல இருந்து இங்க வந்தப்ப மட்டும் எங்க ஹிந்தி சூப்பர்வைசர் சொன்னது புரிஞ்சிதா? கத்துக்கினேன் இல்ல."

"அவன் திட்டுனான், நீ கத்துக்கின. இவங்க திட்டமாட்டாங்களே."

அம்மா இதை விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது நியாயமான சந்தேகமாகவே பட்டது.

கம்பெனியே மொழி வகுப்பு நடத்தியது. ஆனால் அது அக்காவின் ஷிஃப்ட் நேரத்தில் நடந்தது. திருப்பதியில் ஒரு புத்தகம் வாங்கினாள். அதில் எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா படித்தது தெலுங்கு மீடியம், வீட்டில் பேசுவது தமிழ். நாள் முழுக்க நின்ற கால்களோடு புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் தலை சாய்ந்துவிடும்.

நான் பகலில் ரேணிகுண்டாவில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் ஸ்டாக் எழுதுகிறேன். சாயங்காலம் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய், ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்காருவேன். அங்கே எல்லோரும் கடைசியில் ஒரு புராஜெக்ட் செய்து கொடுக்க வேண்டும். நூலகத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று சீனியர்கள் செய்ததையே எல்லோரும் பெயர் மாற்றிச் செய்வது வழக்கம். நானும் நூலகம் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரன் கௌஸ்துப் அதைப் பார்த்துவிட்டு, நீ கடைசியாக எந்த நூலகத்துக்குள் போனாய் என்று கேட்டான். அவன் அப்பாவும் தாத்தாவும் கோயில் கைங்கரியத்தில் இருப்பவர்கள். அவன் மட்டும் கல்யாண மண்டப புக்கிங்குக்கு ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தான். வாத்தியாரிடம் போய்த் தாளைத் திரும்ப வாங்கினேன். அவனிடம் அக்கா படும் பாட்டைச் சொன்னேன்.

"கொரியன் சீரியல் போட்டுக் காட்டேன். எங்காத்துல பாட்டிகூட அதைத்தான் பாக்கறா" என்றான்.

சீரியல் பார்த்தால் மட்டும் மொழி வராது என்று எனக்குத் தெரியும். அம்மா எத்தனையோ வருஷமாக ஹிந்தி சீரியல் பார்க்கிறாள். ஆனால் படத்தில் யார் எப்போது எந்த வரியைப் பேசுகிறார்கள் என்பது சப்டைட்டில் கோப்பில் நொடிக்கணக்கோடு இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துப் படத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். அப்படித்தான் அது தொடங்கியது.

நூடுல்ஸ் கடை நடத்தும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போகிறவளின் கதை ஒன்று கிடைத்தது. மாமியார் பொல்லாதவள். ஒவ்வொரு வரி முடிந்ததும் படம் நிற்கும்படி எழுதினேன். கீழே அந்த வரியின் ஒலி தெலுங்கு எழுத்தில் வரும். அக்காவுக்குச் சீக்கிரம் படிக்க வருவது அதுதான். அதற்கும் கீழே அர்த்தம், தமிழ்ப் பேச்சை அதே தெலுங்கு எழுத்தில் எழுதியது. அக்கா அந்தக் கொரிய வரியைச் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினால் அடுத்த வரி. செய்து முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதனால் எங்கோ தவறு இருக்கும் என்றும் தோன்றியது.

லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். டிவியில் புது சீரியல் ஓடுகிறது என்ற செய்தி எங்கள் லைன் வீடுகளில் எப்படிப் பரவியதோ தெரியவில்லை. தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் ரத்னம்மாக்கா முதலில் வந்தாள். அவள் பின்னால் இன்னும் நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மருமகள் முதல் முறையாக வீட்டுக்குள் நுழைகிறாள். மாமியார் திரும்பிப் பார்க்கிறாள். படம் நின்றது. அக்கா வரியைச் சொன்னாள். பட்டனை அழுத்தினாள். மாமியார் வாயைத் திறந்தாள். படம் மறுபடி நின்றது.

"ஏமிரா கோபி, கரெண்ட் போய்ப் போய் வருதா?" என்றாள் ரத்னம்மாக்கா.

நான் விளக்கினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, முதலில் ஒரு தடவை நிறுத்தாமல் போடு, கதையைப் பார்த்துவிடுகிறோம், அப்புறம் நீ நிறுத்திக்கொள் என்று சொன்னார்கள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவர்களுக்கு நிறுத்தாமல் போட்டேன்.

சில நாட்கள் கழித்து அக்காவுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்து, உள் அறையில் தனியாக உட்கார வைத்தேன். அதுதான் முறையான சோதனை என்று நினைத்தேன். அவள் சமர்த்தாக எல்லா வரியையும் திருப்பிச் சொன்னாள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. "டேய், தனியா உக்காந்து சீரியல் பாக்கறது பரீட்ச எழுதுற மாரி கீது. பக்கத்துல ஒருத்தரும் இல்லாம எவன் பாப்பான்?" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் அதுவரை எந்த சீரியலையும் தனியாகப் பார்த்ததில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

நூலகத்துக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்த காலையில், ரத்னம்மாக்கா கடையில் இட்லி தின்றுகொண்டிருந்தேன். சட்னி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டி, "ஒப்ஸொயோ" என்றாள்.

இல்லை என்பதற்குக் கொரியச் சொல் அது. அக்கா எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி மறந்த சொல்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு தினம் அதானே சொல்லிக்கினு கீது. மாமியாக்காரி கேக்க கேக்க, இல்ல இல்லன்னு. எனக்கு அடிவயிறு எரியுது" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் டிவியைப் பார்க்காமல் பெண்களைப் பார்த்தேன். மாமியார் ஒரு கேள்வி கேட்டால், மருமகள் வாயைத் திறக்கும் முன்பே இவர்கள் பதில் சொன்னார்கள். ரத்னம்மாக்கா தெலுங்கில், அம்மா தமிழில், இன்னொருத்தி இரண்டிலும். சொல்லிவிட்டு, மருமகள் அதையே சொல்கிறாளா என்று பார்த்தார்கள். சொல்லாவிட்டால் அவளையும் திட்டினார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சீரியலை இப்படித்தான் பார்க்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம் அது. எனக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது. படத்தை நான் நிறுத்தியது மருமகள் பேசிய பிறகு. அவர்கள் பேச நினைத்தது அதற்கு முன்னால்.

உட்கார்ந்து, மருமகள் பேசும் வரிகளையெல்லாம் வரிசையாகக் குறித்தேன். கடையில் ஸ்டாக் எடுப்பது போன்ற வேலைதான். இப்போது மாமியார் தடங்கல் இல்லாமல் பேசுவாள். மருமகள் முறை வந்ததும் படம் நின்று, குரல் அடங்கிவிடும். பார்ப்பவர்கள்தான் அவளுக்காகச் சொல்ல வேண்டும். திணறினால் முதல் ஒலி மட்டும் திரையில் வரும். பட்டனை அழுத்தினால் மருமகள் என்ன சொன்னாள் என்பது கேட்கும்.

முதல் நாளே பட்டனை அழுத்த விடவில்லை. "இரு இரு, நான் சொல்றேன்" என்று நான்கு பேர் கத்தினார்கள். மருமகள் அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பணிவாகப் பதில் சொன்னபோதெல்லாம் ரத்னம்மாக்கா, எழுதிக் கொடுத்தவனுக்கு விவரம் போதாது என்று தீர்ப்புச் சொன்னாள். கொரிய மொழியிலும் தகப்பன் அப்பாதான்; சீரியலில் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவது கேட்டு, எங்களைப் போல நைனா என்று சொல்லாமல் மெட்ராஸ்காரர்களைப் போலப் பேசுகிறார்களே என்று அம்மா குறைபட்டாள். எல்லோரையும் முந்திக்கொண்டு அக்கா பதில் சொன்னாள். கைகால் சோர்வெல்லாம் எங்கே போனதோ. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, நேற்று எங்கே விட்டோம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். மார்கழி முடிவதற்குள் மாமியார் எதைக் கேட்டாலும் பதில் வந்தது. நேர்காணலைப் பற்றிய பயம் எனக்குக் கொஞ்சம் விட்டது.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு கௌஸ்துபை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மேனேஜராக உட்கார்ந்து அக்காவைக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் வாசித்தான். பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை, என்ன பிடிக்கும். அக்கா டக் டக்கென்று சொன்னாள். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். கௌஸ்துப் அறிவிப்பின் நகலைப் புரட்டினான்.

"அக்கா, கடைசி பாகம் ஒண்ணு இருக்கு. நீங்க அவரைக் கேக்கணும்னு போட்டிருக்கா. கேளுங்கோ."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"கேள்வி கேக்க வரலடா" என்றாள் மெதுவாக. "மறந்து போவல. கேட்டதே இல்ல."

அறிவிப்பை நானும் படித்தவன்தான். அந்த வரி கண்ணில் பட்டிருக்கிறது, மனதில் படவில்லை. சீரியலில் கேள்வி கேட்பவள் மாமியார், பதில் சொல்பவள் மருமகள். நான் பேச விட்டது மருமகளை மட்டும். அக்காவுக்குப் பதில் சொல்ல மட்டும் தெரிந்த ஒரு மொழியை இத்தனை வாரமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கௌஸ்துப் காபியைக் குடித்துவிட்டு, "இதுக்கென்னடா, பக்கத்தை மாத்தி ஊமையாக்கு" என்றான். புரோகிராமில் அது சின்ன மாற்றம்தான். அன்றே செய்துவிட்டேன். மாமியார் முறை வந்தால் இப்போது அவள் குரல் அடங்கும்.

மறுநாள் சாயங்காலம் போட்டேன். மாமியார் இடுப்பில் கை வைத்து மருமகளைப் பார்த்தாள். படம் நின்றது. அத்தனை பெண்கள் இருந்தும் எங்கள் வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"யாரு, நானா?" என்றாள் ரத்னம்மாக்கா. "ஆ ராட்சசி பேச்சு நா நோட்லோ ரானிவ்வனு. என் வாயில வராது, போ."

மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். இத்தனை நாள் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றுவிட்டு இப்போது அவளையே எப்படிக் கேட்பது என்றாள் ஒருத்தி. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. அம்மாவின் கவலை வேறு. "கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு. அந்தப் பேச்சு பேசினா நாக்குல ஒட்டிக்கும்" என்று அக்காவைப் பேசவே விடவில்லை. அக்காவுக்கும் அது சம்மதமாகத்தான் இருந்தது.

இது வெறும் பயிற்சி, நடிப்புகூட இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். பலிக்கவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் நானே மாமியாராகப் பேச ஆரம்பித்தேன். திரையில் இருப்பதைப் பார்த்து வாசித்தேன். எங்கே போயிருந்தாய். இவன் யார். பாத்திரத்தை யார் உடைத்தது. பெண்கள் மருமகளுக்காக உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். அவர்களோடு சேர்ந்து அக்காவும் பதில்தான் சொன்னாள். ஒரு முன்னேற்றமும் இல்லை. என் வாசிப்பைக் கேட்டு எல்லோரும் சிரித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் அக்காவுக்கே பொறுக்கவில்லை.

"நிறுத்துடா. மாமியாக்காரி இப்டியா கேப்பா? ரேஷன் கடையில பேரு கூப்புடுற மாரி கீது."

எழுந்து வந்து என்னைத் தள்ளிவிட்டு டிவி பக்கத்தில் நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ரத்னம்மாக்காவை நேராகப் பார்த்து, பாத்திரத்தை யார் உடைத்தது என்று கொரிய மொழியில் கேட்டாள். எங்கள் லைன் முழுக்கக் கேட்டிருக்கும். கம்பெனி வரிசையில் நிற்கும்போது யார் யாரோ தன்னைக் கேட்ட கேள்விகளையெல்லாம் அதில் போட்டுக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

ரத்னம்மாக்காவும் எழுந்துவிட்டாள். நான் உடைக்கவில்லை, எனக்குத் தெரியாது, உன் மகனைப் போய்க் கேள் என்று, தெரிந்த கொரியச் சொற்களையெல்லாம் திரட்டி அக்கா மேல் வீசினாள். அக்கா விடவில்லை. மகன் எங்கே என்றாள், எப்போது போனான் என்றாள், சாப்பிட்டானா என்றாள். மற்றவர்கள் ரத்னம்மாக்காவுக்குப் பதில் எடுத்துக் கொடுத்தார்கள். சொல் கிடைக்காத இடத்தைத் தெலுங்கால் நிரப்பினார்கள். அம்மா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம், "அவள விடாதே ரத்னம்மா" என்று பெற்ற பெண்ணுக்கு எதிராகவே கட்சி சேர்ந்தாள்.

திரையில் படம் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. பட்டன் பக்கம் ஒரு கையும் போகவில்லை. நான் இத்தனை மாதம் எழுதிய புரோகிராம் யாருக்கும் தேவைப்படாமல் ஓரமாக இருந்தது. அது வெற்றியா தோல்வியா என்று தெரியாமல் லேப்டாப் சார்ஜரைச் செருகினேன்.

நேர்காணல் நாளில் மேனேஜர் பார்க் சார் வரத் தாமதமாகிவிட்டது. விமான நிலையத்தில் யாரையோ அழைத்து வரப் போனவர், அந்த விமானம் வராமல் அங்கேயே காத்திருந்தாராம். பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டபோது மதியம் தாண்டிவிட்டது. உள்ளே பார்க் சாரும், பக்கத்தில் குறிப்பெழுத எச்.ஆர். சுந்தரி மேடமும். மேசை மேல் பார்க் சாரின் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. இதெல்லாம் அக்கா சொன்னது.

பதில் சொல்லும் பாகம் சிரமமில்லாமல் முடிந்தது. பிறகு அவர், நீங்கள் என்னிடம் ஏதாவது கேளுங்கள் என்றார். கொரியாவைப் பற்றி, மெஷினைப் பற்றி என்று மரியாதையான கேள்விகளை எழுதி நான் மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லையாம். எதிரே இருந்தது, நேரம் கழித்து வந்த ஒரு மனிதரும் திறக்காத டப்பாவும். அக்காவின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டுவிட்டாள்.

சுந்தரி மேடத்தின் பேனா நின்றது. பார்க் சார் பாதி எழுந்து, தலையைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். விமானம் என்று ஏதோ சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதில் வந்ததும் அடுத்த கேள்வி தயாராக இருந்ததாம். யார் வர வேண்டியது? ஏன் வரவில்லை? சாப்பிட்டீர்களா? இன்னும் ஏன் சாப்பிடவில்லை? இங்கே உங்களுக்கு யார் சமைக்கிறார்கள்? பார்க் சார் ஒவ்வொன்றுக்கும் பள்ளிப்பிள்ளை போலப் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு நீளமாகப் பேசினார். அதில் அக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. சமையல்காரர் எல்லாவற்றிலும் கறிவேப்பிலை போடுகிறார் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்ததாம். சுந்தரி மேடம் கடிகாரத்தைக் காட்டித்தான் முடிக்க வேண்டியிருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போச்சுடா. மேனேஜரயே மாமியா மாரி கேட்டுட்டு வந்துட்டேன்."

"நான்தான் சொன்னேனே, நாக்குல ஒட்டிக்கும்னு" என்றாள் அம்மா.

அந்த வாரம் சீரியல் போடவில்லை. ரத்னம்மாக்கா மட்டும், சாப்பிட்டியா என்று கேட்டால் தப்பா, அதற்கெல்லாம் வேலை தராமல் போனால் அது என்ன கம்பெனி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தவறு என்னுடையது என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. வேறு கதையை எடுத்திருக்க வேண்டும். நல்ல குணமுள்ள ஒரு டாக்டர் கதை கிடைத்தது; அதற்கு வரிகளைக் குறிக்க ஆரம்பித்தேன், யாருக்காக என்று தெரியாமலே.

அடுத்த வாரம் அக்கா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வழக்கத்துக்கு மாறாக மெதுவாக நடந்து வந்தாள். ரத்னம்மாக்கா கடையைத் தாண்டும்போது கடைக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள். நானும் எழுந்து நின்றேன். பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஆறு பேரில் ஒருத்தி. அம்மா கேட்டுவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

எதற்காக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. புராஜெக்டில் முடிவு என்று ஒரு பகுதி எழுத வேண்டும். சுந்தரி மேடத்தைக் கேட்டு வரச் சொன்னேன்.

"நீயே வந்து கேளு. நான் ஒண்ணு கேக்கப் போனா நிக்காம ஒம்போது கேப்பேன். அப்புறம் பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க."

அதனால், கருவியால்தான் தேர்வானாள் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றே எழுதினேன். வாத்தியார் அந்த வரியை அடித்துவிட்டு, இப்படியெல்லாம் எழுதாதே என்றார். நான் அதைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். கருவியைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது, குறைந்தது ஐந்தாறு பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்றும் சேர்த்தேன். அதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கா புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் டிவியைப் போடச் சொல்லவில்லை. அக்காவின் பயணப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அதில் என்ன இருக்கிறது என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். முதலில் தெலுங்கில், பிறகு ரத்னம்மாக்கா தொடங்கி வைக்கக் கொரிய மொழியில். எங்கே தங்குவாய், யாரோடு தூங்குவாய், யார் சமைப்பார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மா அதுவரை சும்மா இருந்தாள். சொல்லைத் தேடினாள் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

"ஒன்ஜே வாயோ?" என்றாள்.

எப்போது வருவாய்.

எல்லாக் கேள்விக்கும் டக்கென்று கொரிய மொழியில் பதில் சொல்பவள் ஊறுகாய் பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, "இன்னும் போவவே இல்லியேம்மா" என்று தமிழில் சொன்னாள்.